பானைகள் பல, ஏரி ஒன்று

சென்ற திங்கள் நம் சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் உணவு முடிந்து கை கழுவிக்கொண்டிருந்தபோது அம்மையார் ஒருவர் என்னை அணுகினார். "அண்ணா, என் மகளுக்கு ஊரில் மேற்படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. முதலீட்டுப் பகுப்பாய்வும் முதலீட்டுத் தொகுப்பு மேலாண்மையும் சிறப்புப் பாடமாம். நீங்களும் அதைப் படித்தவர் என்று சொன்னார்கள். அது படிப்புதானா, அல்லது சூதாட்டத்துக்குப் பாடமா? படித்தவர்கள் எல்லாரும் செல்வராகிவிட்டார்களா?" என்று வினவினார். சுற்றி நின்றவர்கள் நகைத்தனர். நானும் நகைத்தேன். ஆயினும் விடை சொல்ல நா எழவில்லை. உண்மையான விடை சொல்ல வேண்டுமானால் என் வீட்டுக் கதை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அக்கதையில் என்னினும் மிகுதியாக இழந்தவள் என் தங்கை. அவளுடைய இசைவைக் கேட்டுப் பெற்ற பின்னரே இதனை எழுதத் துணிந்தேன்.

நான் பிறந்த ஊர் கார்வேட்டிநகரம். சித்தூர் மாவட்டத்தில், புத்தூருக்கு மேற்கே, மலைகள் சூழ்ந்த சிற்றூர். ஒரு காலத்தில் ஜமீனின் தலைமையிடமாக விளங்கியது. வேணுகோபால சுவாமி கோயிலும், கந்த புஷ்கரிணி என்னும் பெரிய திருக்குளமும் அந்தப் பழம் பெருமைக்கு இன்றும் சான்று பகர்கின்றன. இசை பயின்றோர் சாரங்கபாணியின் பதங்களையும் கோவிந்தசாமய்யாவின் வர்ணங்களையும் பாடும்போது எங்கள் ஊரின் பெயரும் உடன் நினைவுக்கு வருவதுண்டு. 1911ஆம் ஆண்டு சித்தூர் மாவட்டம் அமையும் வரை வட ஆர்க்காட்டில் இருந்த ஊர் அது. 1960ஆம் ஆண்டில் திருத்தணியும் பள்ளிப்பட்டும் தமிழ்நாட்டோடு சேர்ந்தன. எங்கள் ஊர் ஆந்திரத்திலேயே நின்றது. ஆகவே வீட்டில் தமிழும் பள்ளியில் தெலுங்குமாக வளர்ந்தோம். தந்தையாரை 'நைனா' என்றும் பாட்டியாரை 'ஆயா' என்றும் அழைப்பது எங்கள் வழக்கம்.

என் பாட்டனாரைப் பற்றி ஆயா சொன்ன கதையிலிருந்து தொடங்குகிறேன். பாட்டனார் முன்யோசனை மிகுந்தவர் எனப் பெயர் பெற்றவர். 1948ஆம் ஆண்டுச் சட்டம் சென்னை மாகாணத்து ஜமீன்களை ஒழித்தபோது, நிலம் ஒன்றையே நம்பிய பெருங்குடும்பங்கள் தளர்ந்ததை அவர் கண்ணாரக் கண்டார். "எல்லாவற்றையும் ஒன்றிலே போடக்கூடாது" என்று அன்றே முடிவு செய்தாராம். தம்மிடமிருந்த சிறு செல்வத்தை நான்காகப் பிரித்தார். ஒரு பகுதி நிலக்கடலை விளையும் மானாவாரி நிலம். ஒரு பகுதி மாந்தோப்பு. ஒரு பகுதியை அக்கம்பக்கத்து உழவர்களுக்கு வட்டிக்குக் கொடுத்தார். எஞ்சியதைக் கடைவீதியில் ஒரு மளிகைக் கடையில் பங்காகப் போட்டார். நான்கு கால் நாற்காலி போல இனி ஆடாது என்று நம்பினார்.

1950களின் தொடக்கத்தில் இராயலசீமை எங்கும் மழை பொய்த்தது. கடலை காய்ந்தது. மாமரங்கள் பூத்தும் காய் நிற்கவில்லை. கடன் வாங்கியவர்களும் கடலை உழவர்களே ஆதலால் வட்டியும் வரவில்லை, முதலும் வரவில்லை. கடையில் சரக்கு இருந்தது, வாங்குவார் இல்லை. கடனுக்கு வாங்கியவர்கள் ஊரைவிட்டே போயினர். நான்கு கால்களும் ஒரே கோடையில் ஒடிந்தன. "நாலா பக்கமும் பிரித்துத்தானே வைத்தார், பிறகு ஏன் எல்லாம் போயிற்று?" என்று ஆயா கேட்பார். எங்களிடம் விடை இல்லை. விதி என்றோம்.

நிற்க. 1990ஆம் ஆண்டு திருப்பதி ஸ்ரீ வெங்கடேஸ்வரா பல்கலைக்கழகத்தில் முதுகலை வணிகவியல் படிக்கச் சேர்ந்தேன். அவ்வாண்டு ஆகஸ்ட் 2ஆம் நாள் ஈராக்கியப் படை குவைத்துக்குள் புகுந்தது. என் தாய்மாமன் அங்கே ஓட்டுநராக இருந்தார். ஒன்றரை இலட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் பெரும்பாலும் ஜோர்தானின் அம்மான் நகர் வழியாக விமானத்தில் மீட்கப்பட்டதை நம் சங்கத்தில் பலர் நேரில் அறிவர். அவர்களுள் ஒருவராக மாமா கையில் ஒரு பையுடன் ஊர் திரும்பினார். அவருடைய வேலை குவைத்தில், சேமிப்பு குவைத்து வங்கியில், நண்பருக்குக் கொடுத்த கைமாற்றும் குவைத்தில். ஒரே நாளில் மூன்றும் எட்டாத இடத்துக்குப் போயின. திண்ணையில் அவர் பேசாமல் அமர்ந்திருந்த கோலம் இன்றும் என் கண் முன் நிற்கிறது.

இரண்டு மாதங்கள் சென்றபின், அக்டோபரில், எங்கள் பேராசிரியர் செய்தித்தாளும் கையுமாக வகுப்புக்குள் நுழைந்தார். ஹாரி மார்க்கோவிட்ஸ், மெர்ட்டன் மில்லர், வில்லியம் ஷார்ப் என்னும் மூவருக்கும் பொருளியலுக்கான நோபெல் பரிசு அறிவிக்கப்பட்டிருந்தது. "நீங்கள் இந்த ஆண்டு படிக்கப் போகும் பாடத்துக்கே பரிசு கிடைத்திருக்கிறது" என்று சொல்லிவிட்டுச் சுண்ணக்கட்டியை எடுத்தார்.

இப்பாடம் இரு பகுதிகளை உடையது. முதற்பகுதி, ஒரு நிறுவனத்தை எடைபோடும் கலை. 1934ஆம் ஆண்டு பெஞ்சமின் கிரகாமும் டேவிட் டாடும் எழுதிய நூல் அதற்கு அடிப்படை. ஒரு பங்கின் சந்தை விலை வேறு, அதன் உள்ளார்ந்த மதிப்பு வேறு. மதிப்பினும் போதிய அளவு குறைந்த விலைக்கு வாங்கினால்தான் நம் கணக்குப் பிழைத்தாலும் தாங்கும் என்பது அவர்கள் போதனை. இதற்காக நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைக் கட்டுக்கட்டாகப் படித்தோம். இலாபம் என்று எழுதியது பணமாக வந்ததா, கடன் எவ்வளவு, அடிக்குறிப்பில் ஒளிந்திருப்பது யாது என்று தேடப் பழகினோம். இது மணப்பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்ப்பது போன்றது. பலரும் படிப்பு இவ்வளவே என்று எண்ணுகின்றனர்.

இரண்டாம் பகுதியே மார்க்கோவிட்ஸ் தந்தது. 1952ஆம் ஆண்டு, இருபத்தைந்து வயதும் நிரம்பாத சிக்காகோ பல்கலைக்கழக மாணவராக இருந்தபோது, அவர் ஒரு சிறு கட்டுரை வெளியிட்டார். நல்ல பங்குகள் பலவற்றைச் சேர்த்துவிட்டால் நல்ல தொகுப்பு ஆகிவிடாது, அவை ஒன்றோடொன்று எவ்வாறு சேர்ந்து ஆடுகின்றன என்பதே தொகுப்பின் இடரைத் தீர்மானிக்கிறது என்பது அதன் சாரம்.

பேராசிரியர் அமெரிக்க உதாரணம் எதுவும் சொல்லவில்லை. "நம் ஊரில் இரண்டு வகை ஆண்டுகள்தாம் உண்டு. மழை ஆண்டு, வறட்சி ஆண்டு. இரண்டும் சரி பாதி வாய்ப்பு என்று கொள்வோம்" என்று தொடங்கிக் கரும்பலகையில் எழுதினார். கடலை நிலத்தில் 100 ரூபாய் போட்டால் மழை ஆண்டில் 30 ரூபாய் ஆதாயம், வறட்சியில் 10 ரூபாய் நட்டம். சராசரி ஆதாயம் 10. உழவர்களுக்குக் கொடுத்த கடனில் மழை ஆண்டில் 24 ஆதாயம், வறட்சியில் 4 நட்டம். சராசரி அதுவும் 10. இரண்டிலும் பாதிப் பாதி போட்டால்? மழை ஆண்டில் 27 ஆதாயம், வறட்சியில் 7 நட்டம். சராசரி மாறவில்லை, ஆட்டமும் பெரிதாகக் குறையவில்லை.

பிறகு மூன்றாவதாக ஒன்றை எழுதினார். கடலையைக் கிடங்கில் இருப்பு வைக்கும் வணிகம். மழை ஆண்டில் விலை இறங்குவதால் 2 ரூபாய் நட்டம், வறட்சியில் விலை ஏறுவதால் 22 ரூபாய் ஆதாயம். சராசரி மீண்டும் 10. நிலத்தில் பாதி, இந்த இருப்பில் பாதி போட்டால்? மழை ஆண்டில் 14 ஆதாயம், வறட்சியில் 6 ஆதாயம். சராசரி அதே 10. ஆனால் எந்த ஆண்டிலும் நட்டம் இல்லை!

"முதல் தொகுப்பிலும் இரண்டு பொருள்கள். இரண்டாம் தொகுப்பிலும் இரண்டு பொருள்களே. எண்ணிக்கையில் வேறுபாடு இல்லை. உறவில்தான் வேறுபாடு. இதற்கே ஒட்டுறவு என்று பெயர்" என்றார். இரண்டும் ஒரே திசையில் ஒரே சீராக ஆடினால் ஒட்டுறவு +1. நேர் எதிராக ஆடினால் -1. ஒன்றுக்கொன்று தொடர்பின்றி ஆடினால் 0. இருபது பங்குகள் உள்ள தொகுப்பில் தனித்தனி இயல்புகள் இருபதே. இரண்டிரண்டாகப் பார்க்க வேண்டிய உறவுகளோ 190. கூட்டுக் குடும்பத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஆள்களின் குணத்தைவிட, ஆளுக்கும் ஆளுக்கும் உள்ள உறவே வீட்டின் அமைதியைத் தீர்மானிக்கிறது அன்றோ!

அந்த வகுப்பில் நான் குறிப்பெழுத மறந்து அமர்ந்திருந்தேன். நாற்பது ஆண்டுகளாக எங்கள் வீட்டில் விதி என்று சொல்லப்பட்டது, கரும்பலகையில் ஓர் எண்ணாக நின்றுகொண்டிருந்தது. பாட்டனார் நான்கு பொருள்களை வைத்திருக்கவில்லை. நான்கு பெயர்களில் ஒரே மழையை வைத்திருந்தார். அன்று மாலை புத்தூர் வழியாக ஊர்ப் பேருந்து பிடித்துச் சென்று ஆயாவிடம் இதைச் சொன்னேன். ஆயா சிறிது நேரம் யோசித்து, "அப்படியானால் அவர் தப்பானவர் இல்லை, கணக்குத்தான் தப்பு" என்றார். அவருக்கு அதுவே ஆறுதலாயிற்று.

இங்கே கதை முடிந்திருந்தால் நான் அறிஞன் என்று மார்தட்டிக்கொண்டிருக்கலாம். முடியவில்லை.

நைனா தொடக்கப்பள்ளி ஆசிரியர். 1991ஆம் ஆண்டு ஓய்வு பெற்றார். சேமநிதியும் பணிக்கொடையுமாக வந்த தொகையில் 60,000 ரூபாயைத் தங்கையின் திருமணத்துக்கென ஒதுக்கி வைத்திருந்தார். அடுத்த ஆண்டு ஆவணியில் திருமணம் என்று நிச்சயமும் ஆயிற்று. அப்போது நாடெங்கும் பங்குச் சந்தை பற்றியே பேச்சு. பம்பாய்ச் சந்தையின் குறியீட்டெண் 1991ஆம் ஆண்டின் தொடக்கத்தில் 1,000 புள்ளிகளை ஒட்டி நின்றது. 1992 மார்ச்சில் 4,000 புள்ளிகளை எட்டிவிட்டது. வங்கியில் உறங்கும் பணத்தை விழிக்கச் செய்வதாக நைனாவிடம் சொன்னேன். அவர், "நீ படித்தவன்" என்று மட்டும் சொல்லிப் பணத்தைக் கொடுத்தார். அந்தச் சொல்லின் சுமை அப்போது எனக்குத் தெரியவில்லை.

ஒன்றில் போடக்கூடாது என்பதை அறிந்தவனல்லவா நான்? ஆகவே ஐந்து நிறுவனங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஐந்தும் வெவ்வேறு தொழில்கள். ஆண்டறிக்கைகளை எல்லாம் படித்தே வாங்கினேன். ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் அவற்றின் மதிப்பு 72,000 ரூபாய். அதே மாதம் நடந்த தேர்வில் ஒட்டுறவு பற்றிய வினாவுக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன். அந்தத் தாளில் வகுப்பிலேயே உயர்ந்த மதிப்பெண் எனக்குத்தான்.

ஏப்ரல் 22ஆம் நாள் குறியீட்டெண் 4,467 புள்ளிகளைத் தொட்டது. வங்கிகளுக்கிடையே அரசுக் கடன் பத்திரங்களின் பேரால் நடந்த முறைகேடுகள் அந்த நாள்களில் வெளியாயின. வங்கிப் பணம் முறையின்றித் திருப்பப்பட்டுப் பங்குச் சந்தையில் பாய்ந்திருந்தது தெரிந்தது. அந்த வாய்க்கால் அடைபட்டதும் சந்தை சரிந்தது. ஏப்ரல் 28ஆம் நாள் ஒரே நாளில் 570 புள்ளிகள், அதாவது நூற்றுக்குப் பன்னிரண்டுக்கும் மேல், வீழ்ந்தது. நான் விற்க எண்ணினேன். ஆனால் அக்காலத்தில் பங்குகள் கணிப்பொறிக் கணக்கில் இல்லை. தாள் பத்திரங்கள். பெயர் மாற்றத்துக்கு அனுப்பியவை அஞ்சலில் திரும்பி வரவே மூன்று மாதங்கள் ஆயின. கைக்கு வந்தபோது ஐந்தும் சேர்ந்து 29,000 ரூபாய் மதிப்புடையனவாக இருந்தன.

குறித்த நாளில் திருமணத்தை நடத்த இயலவில்லை. மாப்பிள்ளை வீட்டார் சிறிது காலம் பொறுத்தனர். பின் வேறிடத்தில் சம்பந்தம் செய்துகொண்டனர். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

நைனா என்னைக் கடியவில்லை. கடிந்திருந்தால் நன்றாயிருக்கும். ஒரு நாள் மாலை கோயிலிலிருந்து திரும்பும் வழியில் மெல்லச் சொன்னார். "உன் தாத்தா நான்கு பானைகளில் தண்ணீர் வைத்தார். நீ ஐந்து பானைகளில் வைத்தாய். இருவரும் பானையை எண்ணினீர்களே ஒழிய, தண்ணீர் எந்த ஏரியிலிருந்து வருகிறது என்று பார்க்கவில்லை." ஒட்டுறவு என்னும் சொல்லையே கேட்டறியாத தொடக்கப்பள்ளி ஆசிரியர் அவர். என் ஐந்து நிறுவனங்களும் ஐந்து தொழில்கள்தாம். ஆனால் அந்த ஆண்டில் அவற்றின் விலையை உயர்த்திய பணம் ஒன்று. அது வற்றியதும் ஐந்தும் வற்றின.

தங்கை கேட்டதோ வேறொன்று. என் குறிப்பேடுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், கணக்குகள் நிறைந்த பக்கத்தைப் பார்த்து, "அண்ணா, இத்தனை கணக்கில் என் பெயர் எங்கே இருந்தது?" என்றாள். சினத்தோடு கேட்கவில்லை. அறிந்துகொள்ளவே கேட்டாள்.

அன்பர்களே, அந்த வினா என்னைப் பாடப் புத்தகத்தின் முதல் அத்தியாயத்துக்குத் திருப்பி அனுப்பியது. முதலீடு யாருக்காக, எதற்காக, எப்போது பணம் வேண்டும், எவ்வளவு இழந்தால் தாங்க முடியும் என்று எழுதிக்கொண்ட பின்னரே பங்கின் பக்கம் பார்க்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. அந்த அத்தியாயத்தில் சூத்திரம் எதுவும் இல்லை. ஆகவே நான் அதைத் தேர்வுக்கு முதல் நாள் மேலோட்டமாகப் புரட்டியிருந்தேன். ஆறு மாதத்தில் தேவைப்படும் திருமணப் பணம், எத்தனை நல்ல பங்கானாலும், பங்கில் இருக்கத் தகாதது. பங்குக்குக் காலம் வேண்டும். ஆவணி மாதம் யாருக்காகவும் காத்திராது.

இவ்விரண்டு வினாக்களையும் கையில் வைத்துக்கொண்டு பார்த்தால் உலக வரலாறே வேறு விதமாகத் தெரிகிறது. 1906ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னையின் புகழ் பெற்ற ஆர்பத்நாட் வணிக நிறுவனம் முறிந்தது. ஓய்வூதியம் பெற்ற பலரும் சிறு சேமிப்பாளர்களும் ஆயுட்காலச் சேமிப்பை அந்த ஒரே பெயரை நம்பி வைத்திருந்தனர். அந்தத் துயரிலிருந்தே, வி. கிருஷ்ணசாமி ஐயர் முதலியோர் முயற்சியால், 1907ஆம் ஆண்டு இந்தியன் வங்கி பிறந்தது. 2001ஆம் ஆண்டு அமெரிக்காவில் என்ரான் நிறுவனம் வீழ்ந்தபோது, அதன் ஊழியர்கள் வேலையையும் இழந்தனர், ஓய்வுக்காலச் சேமிப்பையும் இழந்தனர். அச்சேமிப்பின் பெரும்பகுதி அந்நிறுவனப் பங்குகளிலேயே இருந்தது. குவைத்துத் திண்ணையில் என் மாமா அமர்ந்த கோலமே இது. இடம்தான் வேறு.

படிப்பு எல்லாம் அறிந்தது என்றும் நான் சொல்லவில்லை. ஒட்டுறவு என்பது சென்ற காலத்துக் கணக்கு. வருங்காலத்துக்கு அது உறுதி கூறாது. நல்ல நாள்களில் தனித்தனியே ஆடும் பங்குகள், அச்சம் பரவும் நாளில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு விழுகின்றன. 2008ஆம் ஆண்டு ஜனவரியில் 21,000 புள்ளிகளில் இருந்த பம்பாய்க் குறியீட்டெண் அக்டோபரில் 9,000க்கும் கீழே இறங்கியபோது எந்தத் தொழிலும் தப்பவில்லை. இவ்வாறு எல்லாப் பங்குகளையும் ஒருசேர அசைக்கும் பொது இடரைப் பங்குகளின் எண்ணிக்கையைப் பெருக்கி நீக்க முடியாது. நீக்கக் கூடியது ஒரு நிறுவனத்துக்கே உரிய தனி இடரை மட்டுமே. இவ்வேறுபாட்டை 1964ஆம் ஆண்டு வெளியான ஷார்ப்பின் கட்டுரை தெளிவுபடுத்தியது. பொது இடருக்கு மருந்து, பங்கல்லாத பிறவற்றையும் வைத்திருப்பதும் பொறுமையுமே.

இக்கலையின் தந்தை எனப்படும் மார்க்கோவிட்ஸ் தம் சொந்த ஓய்வூதியப் பணத்தை என்ன செய்தார் என்பதை அறிந்தபோது வியந்தேன். தாமே கண்ட சூத்திரத்தை அவர் அதற்குப் பயன்படுத்தவில்லை. பாதியைப் பங்கிலும் பாதியைக் கடன் பத்திரத்திலும் போட்டார். சந்தை ஏறித் தாம் அதில் இல்லாவிட்டாலும், இறங்கித் தாம் முழுவதும் அதில் இருந்தாலும், பின்னர் வருந்துவோமே என்பதே காரணம் என்று அவரே சொல்லியிருக்கிறார். 2023ஆம் ஆண்டு, தொண்ணூற்றைந்து வயதில், அவர் மறைந்தார். தம் கணக்கில் தம் வருத்தத்துக்கும் ஓர் இடம் கொடுத்த மனிதர் அவர். என் தங்கை கேட்ட இடம் அதுதான்.

இனி நம்மைப் பற்றிச் சில சொற்கள். வளைகுடாவில் வாழும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு நான் கணக்குப் பார்த்துக் கொடுத்திருக்கிறேன். எல்லாரும் பிரித்துத்தான் வைத்திருக்கிறோம். சம்பளம் இங்கே, எண்ணெய் விலையைச் சார்ந்து. தங்கும் உரிமை அந்த வேலையைச் சார்ந்து. அலுவலகத் தோழர்கள் இருபது பேர் சேர்ந்து நடத்தும் சீட்டு, அந்த இருபது பேரின் வேலையையும் சார்ந்து. மைத்துனருக்குக் கொடுத்த கைமாற்று, அவரும் இங்கேயே வேலை செய்வதால் அதே எண்ணெயைச் சார்ந்து. ஊரில் மனை வாங்கிப் போட்டிருக்கிறோமே, அது வேறல்லவா என்று கேட்கலாம். அந்த மனைப்பிரிவில் மற்ற மனைகளை வாங்கியவர்கள் யார்? பெரும்பாலும் நம்மைப் போல இங்கிருந்து பணம் அனுப்புவோரே. நாம் எல்லாரும் ஒரே ஆண்டில் திரும்பினால், எல்லாரும் ஒரே ஆண்டில் விற்க நிற்போம். வாங்குவார் யார்? ஐந்து பானைகள், ஏரி ஒன்று.

ஆகவே இன்ன பங்கை வாங்குங்கள் என்று இக்கட்டுரையில் நான் சொல்லப் போவதில்லை. ஒரு தாளை எடுத்து மூன்று பத்திகளாகக் கோடு கிழியுங்கள். முதற்பத்தியில் உங்கள் பொருள்களை எழுதுங்கள். வேலையையும் ஒரு பொருளாகவே எழுதுங்கள். நம்முள் பலருக்கு அதுவே மிகப் பெரிய சொத்து. இரண்டாம் பத்தியில், எது வீழ்ந்தால் இது வீழும் என்று எழுதுங்கள். மூன்றாவதில், இந்தப் பணம் யாருடையது, எப்போது வேண்டும் என்று எழுதுங்கள். இரண்டாம் பத்தியில் ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால், அதுவே உங்கள் ஏரி. அதைச் சாராத ஒன்றைச் சிறிது சிறிதாகச் சேர்க்கத் தொடங்குங்கள். மூன்றாம் பத்தியில் அண்மையான நாள் உள்ள பணத்தை ஆசை காட்டும் எதிலும் போடாதீர்கள். இவ்வளவையும் இல்லத்தரசியோடும் பிள்ளைகளோடும் அமர்ந்து எழுதுவது நலம். நான் தனியே எழுதியதால்தான் ஒரு பெயர் விடுபட்டது.

என் தங்கைக்கு 1994ஆம் ஆண்டு திருமணம் நடந்தது. அந்தச் செலவை நைனா மாந்தோப்பின் எஞ்சிய பகுதியை விற்றுச் சமாளித்தார். இங்கு வந்து ஏழு ஆண்டு உழைத்து அந்தத் தோப்பை மீட்க முயன்றேன். கைமாறிய நிலம் கிடைக்கவில்லை. அதன் விலையைத் தங்கையின் பெயரில் போட்டேன். அதில் எதை எங்கே வைப்பது என்பதை அவளே முடிவு செய்கிறாள். என்னைவிட நன்றாகவே செய்கிறாள்.

கூட்டத்தில் வினவிய அம்மையாருக்கு இப்போது விடை சொல்கிறேன். அம்மா, அது படிப்புத்தான். அதைப் படித்தவர் எல்லாரும் செல்வராவதில்லை. நானே சான்று. ஆனால் ஒரு குடும்பம் எதன்மேல் நிற்கிறது என்று கேட்கக் கற்றுத் தரும் படிப்பு அது. மகளை மனமாரப் படிக்க அனுப்புங்கள். சூத்திரம் இல்லாத முதல் அத்தியாயத்தை இரண்டு முறை படிக்கச் சொல்லுங்கள். விடுமுறையில் அவள் வரும்போது, முதற்கணக்காக உங்கள் வீட்டுக் கணக்கையே அவள் கையில் கொடுங்கள்.